மெட்ராஸில் பிறந்த மாந்தலே இளவரசி

1886 மார்ச் 7 அன்று மெட்ராஸில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா திபோ, பர்மாவின் கடைசி மன்னர். அம்மா, பட்டத்து அரசி சுபயாலட். குழந்தை பிறந்த நேரத்தில் அவர்களுக்கு நாடும் இல்லை, அரண்மனையும் இல்லை. ஆங்கிலேயரின் காவலில் இருந்தார்கள். மியாட் பயா என்று பிற்பாடு அறியப்பட்ட அந்த மூன்றாவது மகளுக்கு ஐந்து வாரம்கூட முடியவில்லை, இந்த ஊர்க் கடலிலேயே மறுபடியும் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

பிறகு அவர்களைக் காவலில் வைத்த ரத்னகிரியில் அவளுடைய அப்பா வாழ்ந்த மாளிகை இருக்கிறது, கல்லறையும் இருக்கிறது. ரங்கூனில் அம்மாவின் கல்லறை ஷ்வேடகான் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறந்த ஊரான மெட்ராஸில் அவள் பெயர் சொல்ல ஒரு செங்கல்கூடக் கிடையாது. அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்பவர்களும் தலைநகர் மாந்தலேயிலிருந்து ரத்னகிரிக்குத் தாவும் வழியில் மெட்ராஸை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியின் மேல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்றுதான் ஒரு மதியம் பீச் ஸ்டேஷனில் இறங்கினேன். துறைமுகத்தை ஒட்டியே வடக்கே டோல்கேட் வரை போவதாகத் திட்டம். டோல்கேட்டைத் தாண்டி எண்ணூர் வரை, பர்மாவை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. அந்த அரச குடும்பம் இறங்கிய துறைமுகத்தில்தான் இவர்களும் வந்து இறங்கினார்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பர்மா பஜார். ராஜாஜி சாலையின் ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னச் சின்னக் கடைகள்: போன் கவர், சார்ஜர், ஹெட்போன், ட்ரிம்மர், சென்ட் பாட்டில். பர்மாவிலிருந்து வந்து நின்றவர்கள் பிழைத்துக்கொள்ள 1969இல் அரசு ஒதுக்கிக் கொடுத்த இடம் இது. கடையில் இருந்த இளைஞரிடம் பர்மாவைப் பற்றிக் கேட்டேன். "தாத்தா அங்க பொறந்தவரு சார். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பிறகு அவராகவே, "செகண்ட் லைன் பீச்ல போய் அத்தோ சாப்பிடுங்க, அதான் பர்மா" என்று கை காட்டினார். சாப்பாட்டை டோல்கேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று சாலையைக் கடந்தேன்.

எதிரே துறைமுகத்தின் மதில். உள்ளே கிரேன்களின் தலை மட்டும் தெரிகிறது. 1885 டிசம்பர் நடுவில் 'கேனிங்' என்ற கப்பல் ரங்கூனிலிருந்து திபோவை இங்கே கொண்டுவந்தது. 1881 நவம்பர்ப் புயலில் உடைந்துபோன அலைதடுப்புச் சுவர்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சுவர்களைப் பார்த்தபடிதான் மன்னர் வந்து சேர்ந்திருப்பார். அவருக்கு அப்போது 26 வயது. 27 ஆவதற்கு இரண்டு வாரம் இருந்தது. அந்தப் பிறந்த நாள் 1886 ஜனவரி 1. அன்றுதான் மேல் பர்மாவை ஆங்கில ஆட்சியுடன் இணைத்ததாக அறிவித்தார்கள். நாட்டை இழந்த செய்தியும் வயது ஏறிய நாளும் ஒன்றாக வந்தது இந்த ஊரில்தான்.

அந்த நாட்டைப் பறித்த சண்டைக்குச் சொல்லப்பட்ட காரணம் தேக்கு மரம். பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி, வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டாமல் ஏமாற்றியது என்று மன்னரின் நீதிசபை 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பிரெஞ்சுக்காரர்களோடு மாந்தலே நெருங்குகிறது என்ற பயம் ஆங்கிலேயருக்கு ஏற்கெனவே இருந்தது. அபராதம் நல்ல சாக்கு ஆயிற்று. 1885 நவம்பர் நடுவில் படை ஐராவதி ஆற்றில் ஏறியது. மாத முடிவுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. படையை நடத்திய ஜெனரல் ஹாரி பிரெண்டர்காஸ்ட் மெட்ராஸில் பிறந்தவர், மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவுக்காரர். கூடப் போனவர்களில் மெட்ராஸ் சிப்பாய்களும் உண்டு. அந்தச் சிப்பாய்களில் எத்தனை பேர் நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் என்ற கேள்வியை அந்த மதில் ஓரத்தில் என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களை வருடிப் பார்த்து, "பர்மாத் தேக்கு" என்று பெருமையோடு சொல்கிறோம். அந்த மரத்துக்குள் இந்தக் குடும்பத்தின் கதையும் இருக்கிறது.

நவம்பர் 29 அன்று மன்னரையும் அரசிகளையும் மாந்தலே அரண்மனையிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். சுபயாலட் அப்போது கர்ப்பிணி. கூடவே இரண்டு சிறு பெண் குழந்தைகள். அரண்மனையை விட்டு வெளியே வந்தே பழக்கமில்லாத குடும்பம் அது. அரியணையைக் காக்க அந்த அரண்மனைக்குள் நடந்த கொலைகளுக்குத் திபோவும் சுபயாலட்டும் பொறுப்பு என்பதையும் மறைக்கக் கூடாது. 1879இல் மன்னரின் உடன்பிறந்த முறையினர் பல பேர் கொல்லப்பட்டார்கள். அதை ஆங்கிலப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின, ஆனால் நடக்காததை எழுதவில்லை. நான் தேடிவந்தது அவர்களை அல்ல. எந்தப் பாவமும் அறியாமல், அப்பா அம்மாவின் தண்டனைக்குள்ளேயே பிறந்த குழந்தையை.

ராஜாஜி சாலையில் வடக்கே நடந்தால் லாரிகளின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. இந்தக் கரையில் இறக்கப்பட்ட மன்னர்களில் திபோ முதல் ஆள் இல்லை. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் கொழும்பிலிருந்து 'கார்ன்வாலிஸ்' கப்பலில் மெட்ராஸுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவரை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் உண்டு. பரோடாவின் மல்ஹார் ராவ் கெய்க்வாடை 1875இல் பதவி இறக்கி அனுப்பிவைத்ததும் இந்த ஊருக்கே. அவரை வைத்திருந்த டவ்டன் ஹவுஸ் இன்றும் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜுக்குள் நிற்கிறது. அரசிழந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆங்கிலேயருக்கு மெட்ராஸ் கைவசம் இருந்த ஊர்.

திபோவை மட்டும் இங்கே வெகு நாள் வைக்கவில்லை. 1886 ஏப்ரல் 10 அன்று 'கிளைவ்' என்ற கப்பலில் ஏற்றி மேற்குக் கரையில் உள்ள ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். காரணம் புரிந்துகொள்ள முடிகிறது. மெட்ராஸிலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தது. ஆளும் பேச்சும் கடிதமும் அதில் போகும். ரத்னகிரிக்கு ரயில் இல்லை. மழைக்காலத்தில் கடல் வழியும் அடைபட்டுவிடும். பர்மாவின் பக்கமே முகம் திரும்பாத கரை அது. அங்கே 30 வருடம் வாழ்ந்து, கொண்டுவந்த நகைகளை ஒவ்வொன்றாக விற்றுச் செலவழித்து, 1916 டிசம்பரில் திபோ இறந்தார். அவருக்கென்று மலைமேல் கட்டிய மாளிகையில் அவர் குடியிருந்தது கடைசி ஆறேழு வருடம்தான்.

கிளைவ் பேட்டரியைத் தாண்டி ராயபுரம் ஸ்டேஷனுக்கு வந்தேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குத் தொடங்கியது. தூண் வரிசையோடு கூடிய அந்தப் பழைய முகப்பு அழகாகவே இருக்கிறது. திபோவின் குடும்பம் இறங்கியபோது இதற்கு 29 வயது. அவர்கள் பார்த்த மெட்ராஸில் இன்றும் நிற்கிற சில கட்டடங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்ற நினைப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இரண்டு பேர் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை கடற்கரை என்று ஒன்று உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கருங்கல் பாறைகளைக் கொட்டிக் கட்டிய கரைதான் இருக்கிறது. அதன் கதையும் இந்தத் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. 1870களில் கடலுக்குள் சுவர் நீட்டிய நாளிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் மோதி நின்றுவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்றது. தெருக்களும் குப்பங்களும் உள்ளே போயின. மெரினாவில் மாலைக் காற்று வாங்கும் யாரும் இதை நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனால் அந்த மணலின் ஒரு பங்கு இங்கே இருந்திருக்க வேண்டியது. ஊரைப் பறிகொடுக்க யாரும் கப்பல் ஏற வேண்டியதில்லை என்பதை இந்தப் பாறைகளுக்குப் பின்னால் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். "எங்க தாத்தா ஊடு அதோ அங்க" என்று ஒருவர் கைநீட்டிக் காட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

காசிமேட்டில் அன்றைய ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வடக்கே எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து நின்றன. கிளீனர் பையன்கள் டயர் நிழலில் சீட்டு ஆடினார்கள். தூசியும் டீசலும் கலந்த காற்றில் வேகமாக நடந்து, உள்ளே திரும்பி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை அடைந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

டோல்கேட். தலைக்கு மேலே மெட்ரோ. 2021 பிப்ரவரியில் இந்தப் பாதை விம்கோ நகர் வரை திறந்த பிறகு இங்கே நடமாட்டமே மாறிவிட்டது. கீழே பஸ் நிலையம், ஷேர் ஆட்டோக்களின் கூச்சல், ஷிப்டு முடிந்து திரும்புகிறவர்கள். இன்னும் வடக்கே போனால் திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் அடங்கிய இடம். அரசைத் துறந்து அவருக்குச் சீடரான பத்திரகிரியாரின் கதையை இந்தப் பக்கத்துக் குழந்தைகளும் சொல்வார்கள். தானாக விட்டுவிட்டு வந்த ராஜாவை நாம் ஆயிரம் வருடம் நினைவு வைத்திருக்கிறோம். பிடுங்கப்பட்டு வந்தவர்களை நூறு வருடத்தில் மறந்துவிட்டோம்.

மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. 'பர்மா அத்தோ, மொய்ங்கா' என்று மஞ்சள் போர்டு. பேரன் வயதுள்ள பையன் கலந்து கொடுக்க, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஓர் ஆயா வெங்காயம் வறுத்து வைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், நொறுக்கிப் போட்ட மொறுமொறு பேஜோ. எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் வைத்து, ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்பும் தருகிறார்கள். பசிக்கு அது அமிர்தம்.

"நீங்க பர்மாவுலேருந்து வந்தவங்களா ஆயா?"

"ஆமா தம்பி. ரங்கூன்ல பொறந்தவ. பத்து வயசுல கப்பல் ஏத்திட்டாங்க. எதுக்குக் கேக்குற?"

சொன்னேன். திபோ பெயரைக் கேட்டதும் தலையாட்டினார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் இருக்குமாம். "பொண்டாட்டி பேச்சக் கேட்டுக் கெட்டாருன்னு சொல்லுவாங்க. ஆம்பள தப்பு பண்ணா அப்படித்தான சொல்லுவாங்க" என்றார்.

அவர் தன் கதையைச் சொன்னபோது நான் குறுக்கே பேசவில்லை. அப்பாவுக்கு முகல் தெரு பக்கத்தில் சின்னக் கடை. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள்; ஒருநாள் காலையில் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். அதே வருடம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வீட்டில் இருந்தது அந்த நோட்டுகள்தான். பீலிக்கான் கோயில் அங்காளபரமேஸ்வரிக்குக் கடைசியாக ஒரு பொங்கல் வைத்துவிட்டு, கிடைத்த கப்பலில் ஏறினார்கள். ஏறுமுன் சோதனையில் அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். "கழட்ட வரல. அழுதுக்கினே நின்னாங்க. அத மட்டும் நான் மறக்கல." இப்படி அந்த வருடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியராக இருந்த காலமும் ஒன்று உண்டு. பர்மா விவசாயிகளின் நிலம் கடனுக்காகச் செட்டியார் பெட்டிகளுக்கு மாறியது, அதனால் எழுந்த கோபம், எல்லாம் அதன் பின்னால் இருக்கிறது. நிலத்தை வாங்கியவர்கள் வேறு. மூக்குத்தியைக் கழற்றியவர்கள் வேறு.

"அந்தக் கொழந்த என்னாச்சு? இங்க பொறந்துச்சுன்னியே?"

ரத்னகிரியில் வளர்ந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை தேட வழியில்லாமல், அரச ரத்தத்துக்குள்ளேதான் மணம் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், அடுத்துப் பிறந்த தங்கையையும் சேர்த்து நான்கு பெண்களும் முப்பதைத் தாண்டும்வரை அந்த வீட்டுக்குள்ளேயே இருந்ததைச் சொன்னேன். திபோ இறந்த பிறகு 1919இல் சுபயாலட்டை ரங்கூனுக்குத் திரும்ப விட்டார்கள்; மாந்தலேக்கு அல்ல. மெட்ராஸில் பிறந்த மூன்றாவது மகள் 33 வயதில், தன் சொந்த நாட்டை முதல் முறையாகப் பார்த்தார். 1921இல் அரச வம்சத்திலேயே ஒருவரை மணந்தார், அது நிலைக்கவில்லை. பிறகு ஒரு வக்கீலை மணந்தார். இளவரசிக்கு ஒரே மகள். கடைசித் தங்கைதான் அரண்மனையிலிருந்து காணாமல்போன மாணிக்கக் கல்லைத் திருப்பிக் கொடு என்று ஆங்கிலேயரிடம் கேட்டவர். அதற்காக அவரை மோல்மீனுக்கு ஒதுக்கிவைத்தார்கள், 1936இல் அங்கேயே இறந்தார். மூன்றாமவர் அமைதியாகவே வாழ்ந்து 1962 ஜூலையில் காலமானார்.

ஆயா விரல் விட்டு எண்ணினார். "அப்ப நான் அங்கதான் இருந்தேன். பொம்பளப் புள்ள, எட்டு வயசு."

மெட்ராஸில் பிறந்தவர் பர்மாவில் போய்ச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் பர்மாவில் பிறந்தவர்களை மெட்ராஸுக்குக் கப்பல் ஏற்றினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, திரும்பிப் போவது என்று நாம் சொல்வதன்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை குறைந்துபோகிறது. இளவரசி 'திரும்பிய' நாடு அவர் பார்த்திராத நாடு. இந்த ஆயாவை 'தாயகம் திரும்பியவர்' என்று அரசாங்கக் காகிதம் சொன்னது. கப்பலிலிருந்து இறங்கிய நாள்வரை அவர் மெட்ராஸ் மண்ணை மிதித்ததில்லை.

"மூத்த பொண்ணு?"

மூத்தவரின் கதையைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். ரத்னகிரி வீட்டுக் காவலாளி கோபால் சாவந்துடன் பழகி ஒரு மகள் பிறந்தாள். குடும்பத்தோடு பர்மா போனவர் கொஞ்ச காலத்தில் மகளுடன் ரத்னகிரிக்கே திரும்பி வந்துவிட்டார். வறுமையில் வாழ்ந்து 1947இல் இறந்தார். மகள் டூட்டூ ரத்னகிரியிலேயே ஒரு மராத்தியரை மணந்து, மராத்தி பேசி, சாணி தட்டி, பிள்ளைகளை வளர்த்து 2000இல் காலமானார். பர்மா அதிபர் தெய்ன் செய்ன் 2012இல் ரத்னகிரிக்கு வந்து திபோவின் கல்லறையில் மலர் வைத்தபோது, டூட்டூவின் பிள்ளைகள் அந்த ஊர் மக்களோடு மக்களாகவே இருந்தார்கள்.

இதைக் கேட்டு ஆயா வறுத்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டார். "அந்தப் பொண்ணுதான் எங்களாட்டம்" என்றார். பேரனைக் காட்டி, "இவனுக்கு பர்மா பாஷ ஒரு சொல்லு தெரியாது. அத்தோ மட்டும் கலக்குவான்."

பையன் சிரித்தான். நான் மனதில் இருந்ததைச் சொன்னேன்: துறைமுகத்தின் ராஜாஜி சாலைப் பக்கம், ஜனங்கள் நடக்கிற இடத்தில், ஒரு கல் வைக்க வேண்டும். 1816இல் கண்டி மன்னர் இறங்கினார், 1885இல் பர்மா மன்னர் இறங்கினார், 1886இல் அவர் மகள் இந்த ஊரில் பிறந்தாள், 1964இலிருந்து பர்மாத் தமிழர்கள் இறங்கினார்கள் என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுத வேண்டும். நடக்காத காரியம் இல்லை. கல்வெட்டு வைப்பதில் நம் ஊருக்குப் பஞ்சமே கிடையாது.

ஆயா கொஞ்சம் யோசித்தார். "ராஜா பேர மேல பெருசாப் போட்டு, எங்கள கீழ சின்னதாப் போடுவாங்களே. எல்லாத்தையும் ஒரே எழுத்துல போடச் சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்தவருக்கு மொய்ங்கா எடுக்க எழுந்தார்.